குளத்துல தண்ணிய பாத்து பயிர் வைக்கது: சஸ்டெய்னபிள் லிவிங் பத்தி கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன். சென்னையில நீங்க வேல பாக்குற ஆபீஸ்ல சஸ்டெய்னபிள் லிவிங்னு ஒரு வாரம் கொண்டாடி ஆளுக்கொரு மூங்கில் டூத்பிரஷ்ஷும் ஸ்டீல் ஸ்ட்ராவும் குடுத்துருக்காங்க, அதே வாரத்துல நாங்குநேரி பக்கம் ஊர்ல இருந்து அப்பா போன் போட்டு ரெண்டு போரும் வத்திட்டு, வாழை காயுது, மூணாவதா ஆயிரம் அடி போடணும், பணம் அனுப்புன்னு கேட்டுருக்காங்க. சஸ்டெய்னபிள் லிவிங்னா உண்மையில என்ன, நான் ஒருத்தன் பிரஷ்ஷ மாத்தி என்ன ஆகப்போவுது, இல்ல எங்க ஆச்சி வாழ்ந்த மாதிரி திரும்ப போகணுமான்னு கேக்கீங்க. மேலோட்டமா பாத்தா அர்த்தம் கேக்குற கேள்வி மாதிரி இருக்கு. எனக்கு தோணுறது, எது செஞ்சா கணக்குல வரும், எது மனசு ஆறுதலுக்கு மட்டும்னு பிரிச்சு சொல்லுங்கன்னுதான் நீங்க கேக்கீங்க. பிரஷ்ஷும் போரும் ஒரே வாரத்துல வந்து நின்னதாலதான் இந்த கேள்வி வந்துருக்கு, ரெண்டுக்கும் நடுவுலதான் பதிலும் இருக்கு.

நான் வேளாண்மைத் துறையில வயக்காட்டு வேலையில 31 வருஷம் இருந்தவன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு, நாங்குநேரின்னு சுத்தி சுத்தி இந்த பக்கந்தான். தண்ணி, மண்ணு, நெல்லு, வாழை இதுல நான் சொல்லுறது கண்ணால பாத்தது. கார்பன் கணக்கு, பேக்டரி, துணி மில்லு இதெல்லாம் நான் படிச்சு தெரிஞ்சுக்கிட்டது, அத அந்த அளவுக்கு எடுத்துக்கிடுங்க.

புஸ்தகத்துல உள்ள அர்த்தம் 1987-ல வந்தது. நார்வே பிரதமரா இருந்த குரோ ஹார்லெம் புரூண்ட்லாண்ட் அம்மா தலைமையில ஐநா அமைச்ச கமிஷன் சொன்னது, இன்னைக்கு உள்ளவங்க தேவையும் நிறைவேறணும், நாளைக்கு வாரவங்க அவங்க தேவைய நிறைவேத்திக்கிட முடியாம போயிறவும் கூடாதுன்னு. சரியான வார்த்தைதான், ஆனா கையில பிடிக்க முடியாது. எங்க பக்கத்துல இதே விஷயத்துக்கு ஒரு பேச்சு உண்டு, குளத்துல தண்ணிய பாத்து பயிர் வைக்கணும்னு. நான் அத தப்பா புரிஞ்சுக்கிட்ட கதைய சொன்னாதான் உங்களுக்கு விளங்கும்.

சர்வீஸ்ல சேர்ந்த புதுசு. நாங்குநேரி தாலுகாவுல ஒரு மானாவாரி குளம், ஆத்துக்கால் பாசனம் கிடையாது, ஐப்பசி கார்த்திகை மழையில ஓடை வழியா வர்ற தண்ணிதான். அந்த குளத்து மடையில கல்லுப்படி இறங்கும். மடைக்குடும்பர், அதாவது மடைய திறந்து ஊருக்கு தண்ணி அளந்து விடுறவர், ஒரு பெரியவர், வேட்டிய மடிச்சு கட்டிக்கிட்டு விடியக்காலம் அந்த படியில இறங்கி, தண்ணி எந்த படிய நனைக்குதுன்னு காலால தடவி பாப்பாரு. அடியில இருந்து எண்ணி ஏழாம் படி நனைஞ்சா ஆயக்கட்டு, அதாவது அந்த குளத்து தண்ணி பாயுற வயல், முழுக்க நடலாம். அஞ்சாம் படின்னா பாதி. மூணாம் படின்னா நெல்லே கிடையாது, உளுந்து, சோளம்தான். பாதின்னு ஆன வருஷம், மடைக்கு பக்கத்துல உள்ள வயல மட்டும் நடுவாங்க, ஆனா விளையுறது அந்த வயல்காரருக்கு மட்டும் இல்ல, அந்த ஒரு போகத்துக்கு அந்த நிலத்த எல்லாருக்கும் பங்கு பிரிச்சு குடுத்துருவாங்க. கடைமடையில நிலம் உள்ளவனுக்கும் மேலமடையில ரெண்டு பாத்தி கிடைக்கும்.

அந்த வருஷம் தண்ணி அஞ்சாம் படியில நின்னுட்டு. பெரியவர் பாதிக்கு மேல நடாதீங்கன்னு சொன்னாரு. நான் போய் கூட்டத்துல, குறுகிய கால ரகம் இருக்கு, அம்பை 16 போட்டா சீக்கிரம் அறுவடைக்கு வந்துரும், கார்த்திகையில ஒரு மழை கட்டாயம் கிடைக்கும், முழு ஆயக்கட்டும் நடலாம்னு பேசினேன். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 1986-ல வந்த ரகம், நல்ல ரகம், இன்னைக்கும் அதுமேல நான் குறை சொல்ல மாட்டேன். நடவு முழுக்க நடந்துட்டு. கார்த்திகை மழை ஏமாத்திட்டு. பயிரு பொதியில, கதிர் வெளிய வர்றதுக்கு முந்தி, நிக்கும்போது மடையில சேறுதான் இருந்துது. கதிர் வெளிய வரும்போதே வெளுத்து வந்துது, பிடிச்சு உருவினா கையில பதருதான். பாதி நட்டுருந்தா பாதி விளைஞ்சு ஊருக்கே கஞ்சி கிடைச்சிருக்கும். எல்லாரும் நட்டதால ஒருத்தருக்கும் விளையல. பெரியவர் என்னை ஒரு வார்த்த கேக்கல, அடுத்த வருஷம் படிய பாக்க போகும்போது என்னையும் கூட்டிட்டு போனாரு, அவ்வளவுதான். நாப்பது வருஷத்துக்கு பக்கமா ஆகியும் அந்த வெளுத்த கதிர் என் கைய விட்டு போகல.

சஸ்டெய்னபிள் லிவிங்னு நான் சொல்லுறது அந்த மூணையும் சேத்துதான் தம்பி. முதல்ல இருப்ப அளக்கணும், அளந்ததுக்கு தக்கன எடுக்கணும், குறைஞ்ச வருஷம் அந்த குறைய எல்லாரும் பங்கு போட்டுக்கணும். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சொன்னது சும்மா இல்ல. இன்னைக்கு கடையில விக்கிற சஸ்டெய்னபிள்ல இந்த மூணுமே இல்ல, வாங்குறது மட்டும்தான் இருக்கு.

ஏன் முக்கியம்னு கேட்டா, நமக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள்ள வந்துது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ஒரு ரயிலே நூத்துக்கணக்கான ஜனங்களோட நின்னுட்டு. இதுல உறுதியா சொல்லக்கூடியது, காத்து ஒரு டிகிரி சூடானா அது சுமக்குற ஈரம் ஏழு சதவீதம் கூடும், அது பௌதிகம், அதுல சந்தேகம் இல்ல. தொழிற்சாலைக் காலத்துக்கு முந்தி இருந்தத விட உலகம் ஒரு டிகிரிக்கு மேல சூடாயிட்டு, 2024 ஒன்றரை டிகிரியையும் தாண்டின முதல் வருஷம். ஆனா அந்த ஒரு நாள் மழை முழுக்க முழுக்க அதனாலதான்னு யாராவது அடிச்சு சொன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன். 1992 நவம்பர்லயும் இதே ஆத்துல பெரிய வெள்ளம் வந்துருக்கு. இன்னொன்னு, எங்க ஆளுக பேசத் தயங்குறது, நஷ்டத்துல ஒரு பங்கு வானத்தோட வேலை இல்ல. ஓடைய அடைச்சு வீடு கட்டுனது, குளம் நிரம்பினா தண்ணி வழிஞ்சு போற மறுகால் பாயுற வழியில ரோட்ட போட்டது, கரைய பலப்படுத்தாம விட்டது, இது நம்ம கை வேலை. மறுகால் போற பாதை திறந்து கிடந்த ஊர்ல குளம் உடையல, பாதைய அடைச்ச ஊர்ல உடைஞ்சுது, இத நான் நேர்ல போய் பாத்தேன்.

இப்ப உங்க பிரஷ்ஷுக்கு வாரேன். மூங்கில் பிரஷ் தப்பில்ல, ஆனா கணக்குல அது தூசி. துணிப்பை கூட அப்படித்தான், 2018-ல டென்மார்க் அரசு சுற்றுச்சூழல் துறை ஒரு ஆய்வு செஞ்சுது, ஒரு காட்டன் பைய குறைஞ்சது 52 தடவ பயன்படுத்தினாதான் கடையில குடுக்குற பிளாஸ்டிக் பைய விட பருவநிலை கணக்குல லாபம், மத்த எல்லா பாதிப்பையும் சேத்து பாத்தா 7,100 தடவன்னு வந்துது. அத படிச்சுட்டு மஞ்சப்பை வேண்டாம்னு முடிவு பண்ணிறாதீங்க. பை வாருகால்ல போய் அடைக்கது, மாடு திங்கது, கடல்ல சேருறது அந்த கணக்குல இல்லவே இல்ல, நமக்கு அதுதான் பெரிய பிரச்சன. 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல ஒரு தடவ போட்டு எறியுற பிளாஸ்டிக்குக்கு தடை வந்ததும் அதனாலதான். என் யோசனை ஒன்னுதான், வீட்டுல ஏற்கனவே கல்யாணத்துல குடுத்த மஞ்சப்பை இருவது கெடக்கும், புதுசா ஆர்கானிக் காட்டன்னு முந்நூறு ரூபா குடுத்து வாங்காதீங்க, அந்த இருவதையும் கிழியுற வரைக்கும் தூக்குங்க. போனும் அப்படித்தான், அதோட பாதிப்புல பெரும்பங்கு செய்யும்போதே முடிஞ்சுட்டு, நம்ம கையில இருக்குறது அத இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுறது மட்டும்.

கணக்குல வர்றது எதுன்னா வீட்டு கரண்ட், பயணம், சாப்பாடு. உங்க ரூம்ல பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், இப்ப வர்ற பிஎல்டிசி ஃபேன் 30 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினா வருஷத்துக்கு 246 யூனிட் மிச்சம், ஒரே ஃபேன்ல. ஊருக்கு வர ஃப்ளைட்டுக்கு பதிலா நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஒரு ராத்திரி படுத்துட்டு வந்தீங்கன்னா அந்த ஒரு பயணத்துல குறையுறது ஆயுசுக்கும் ஸ்ட்ரா வாங்காம இருந்தாலும் குறையாது. இதெல்லாம் சொன்னாலும் ஒரு நியாயத்தையும் சொல்லணும், சராசரி இந்தியன் வருஷத்துக்கு விடுற கார்பன் டை ஆக்சைடு ரெண்டு டன்னுக்கு பக்கம், உலக சராசரி அஞ்சு டன்னுக்கு கொஞ்சம் கம்மி, அமெரிக்கால பதினாலு டன்னுக்கு பக்கம். இங்க உள்ள ஏழைய பாத்து குறைச்சுக்கிடுன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. உங்கள மாதிரி ஏசி ஆபீஸ்ல இருக்குறவங்களும் என்ன மாதிரி பென்ஷன்காரங்களும் அந்த சராசரிக்கு மேல நிக்கோம், அதனால நமக்கு சொல்லலாம்.

சாப்பாட்டுல எங்க பெருமைக்கே ஒரு அடி உண்டு. வயல்ல தண்ணி கட்டி நிறுத்தினா அடி மண்ணுல காத்து போகாம மீத்தேன் வரும், அது 100 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைட விட 28 மடங்குக்கு பக்கம் சூடாக்கும். நம்ம பிசானம், கார்னு ரெண்டு போக நெல்லும் அந்த கணக்குல இருக்கு. ஆனா இதுக்கு மருந்தும் எங்க ஆளுக வாயிலேயே இருக்கு, காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விடுன்னு. ஒரு முழ நீளத்துல பிவிசி பைப்ப எடுத்து, அடிப்பாதியில சுத்தி ஓட்ட போட்டு, வயல்ல நட்டு, உள்ள இருக்குற மண்ண தோண்டி எடுத்துருங்க. குனிஞ்சு உள்ள பாத்தா தண்ணி எவ்வளவு ஆழத்துல நிக்குதுன்னு தெரியும். மேல் மண்ணுல இருந்து 15 சென்டிமீட்டர் கீழ போன பிறகுதான் அடுத்த தண்ணி. மேலாப்புல வயல் லேசா வெடிச்ச மாதிரி தெரியும், வயல்காரர் நெஞ்சு பதறும், ஆனா வேருக்கு தண்ணி அங்கதான் இருக்கும். பூக்குற சமயத்துல மட்டும் இத செய்யாதீங்க, அப்ப தண்ணி நிக்கணும். சரியா செஞ்சா தண்ணியில முப்பது சதவீதம் வரைக்கும் மிச்சம், மீத்தேன் கிட்டத்தட்ட பாதியா குறையும். களிமண்ணுல நல்லா வரும், மணல் பாங்கான வயல்ல இந்த அளவு லாபம் கிடைக்கல, நான் போட்டு பாத்ததுல சொல்லுதேன்.

உரத்த பத்தியும் கேப்பீங்க. இயற்கை விவசாயத்துக்காக பேசுன நம்மாழ்வார் ஐயா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல வேல பாத்தவருதான், அங்க நடக்குற ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவலன்னு வெளிய வந்தவரு. மண்ணு உயிரோட இருக்கணும்னு அவரு சொன்னதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. குளத்து வண்டல் அடிச்சு, ஆட்டுக் கிடை போட்டு, தக்கப்பூண்டுங்கற பசுந்தாள் செடிய மடக்கி உழுத வயல்ல யூரியா குறைச்சலா போதும், இது உறுதி. ஆனா நாளையில இருந்து உரமே வேண்டாம்னு ஒரே ராத்திரியில நிறுத்தினா விளைச்சல் குறையாதுன்னு சொல்லுறவங்கள நம்பாதீங்க. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில 2021-ல அப்படி தடை போட்டு, அதே வருஷக் கடைசியில வாபஸ் வாங்கினாங்க, அதுக்குப் பிறகு வந்த அறுவடையில நெல் விழுந்துட்டு. கஷ்டப்பட்டது சின்ன விவசாயி.

ஆச்சி மாதிரி திரும்ப போகணுமான்னு கேட்டீங்கல்லா. ஆச்சி கிட்ட எடுத்துக்கிட வேண்டியது நிறைய இருக்கு. எங்க ஆச்சி பலசரக்கு கடைக்கு ஓலைப்பெட்டிய கொண்டு போவா, எண்ணெய்க்கு தூக்குவாளி, பாத்திரம் கழுவுன தண்ணி வாழைக்கு, பழைய சேலை தொட்டிலாகி, அப்புறம் தலகாணி உறையாகி, கடைசியில அடுப்பங்கரை துணியாகி சாம்பலாத்தான் போகும். ஆனா அதே ஆச்சி விறகு அடுப்புல ஊதி ஊதி கண்ணு போய், கடைசி பத்து வருஷம் இருமிக்கிட்டே கிடந்தா. வீட்டு அடுப்புப் புகையால உலகத்துல வருஷத்துக்கு 30 லட்சம் பேருக்கு பக்கம் சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அந்தப் புகையில ரொம்ப கஷ்டப்படுறது பொம்பளைகளும் பிள்ளைகளும்தான். நான் சொன்ன மடைக்குடும்பர் இருக்காருல்லா, ஊருக்கே தண்ணி அளந்து குடுத்தவரு, குளிருல முங்கி மடைய திறந்தவரு, அந்த ஊர்க் கூட்டத்துல திண்ணையில ஏறி உக்கார அவருக்கு இடம் கிடையாது. அவரு அறிவ எடுத்துக்கிட்டு அவர கீழ நிறுத்துன அந்த வழக்கம் திரும்ப வரணும்னு யாராவது சொன்னா நான் எதிர்த்துதான் நிப்பேன். கேஸ் அடுப்பு ஆச்சிக்கு கிடைச்சிருக்கணும். ஓலைப்பெட்டி நம்ம கிட்ட இருந்திருக்கணும்.

ஒருத்தன் மாறி என்ன ஆகும்ங்கறதுக்கு கூந்தன்குளத்த பாருங்க, உங்க ஊர்ல இருந்து பக்கந்தான். எங்கெங்கயோ இருந்து பறவை வந்து அந்த ஊரு மரத்துலயும் வீட்டு கொல்லையிலயும் கூடு கட்டுது. தீபாவளிக்கு அங்க வெடி போடுறதில்ல. 1994-ல அரசாங்கம் சரணாலயம்னு அறிவிச்சதுக்கு எவ்வளவோ முந்தியே ஊரு அத காத்துட்டு வந்துட்டு. பறவை எச்சம் விழுந்த குளத்து தண்ணி வயலுக்கு உரம், அது அவங்களுக்கு தெரியும். ஒரு ஆளு மட்டும் வெடி போடாம இருந்தா பறவை இருந்திருக்காது, ஊரு சேந்து போடாததாலதான் இருக்கு. அதனால தனியா செய்யுறது வீண்னு நான் சொல்லல, தனியா செய்யுறத நாலு பேரோட சேந்து செய்யுறதா மாத்துங்கன்னு சொல்லுதேன். உங்க ஆபீஸ்லயே ஏசிய 20-ல இருந்து 25-க்கு ஏத்த சொல்லி நாலு பேரு சேந்து கேட்டீங்கன்னா அது நூறு பிரஷ்ஷுக்கு மேல.

கடைசியா அப்பா போர் விஷயம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. நம்ம பக்கம் அடியில பாறை. மேல மக்கின பாறையில கொஞ்சம் தண்ணி நிக்கும், அதுக்கு கீழ பாறை வெடிப்புலதான் தண்ணி, ஆழம் போகப்போக வெடிப்பு குறைஞ்சுட்டே போகும். ஆயிரம் அடியில கிடைச்சாலும் அது பெரும்பாலும் எத்தனையோ வருஷமா சேந்த பழைய தண்ணி, எடுத்தா திரும்ப நிறைய மழை வருஷக்கணக்கா இறங்கணும். பக்கத்து தோட்டக்காரர் போரும் அதே வெடிப்புலதான் உறிஞ்சும், நீங்க ஆயிரம் போட்டா அவரு ஆயிரத்து இருநூறு போடுவாரு. உலகத்துல எடுக்குற நிலத்தடி தண்ணியில கால்வாசிக்கு பக்கம் இந்தியா ஒன்னே எடுக்குது. இது அந்த அஞ்சாம் படி கதைதான் தம்பி, இங்க படி கண்ணுக்கு தெரியலங்கறது மட்டும்தான் வித்தியாசம்.

அதனால பணத்த உடனே அனுப்பாதீங்க, அனுப்பவே மாட்டேன்னும் சொல்லாதீங்க, வாழை காயும்போது அப்பா மனசு என்ன பாடுபடும்னு எனக்கு தெரியும். முதல்ல சொட்டுநீர் போட்டுருக்கான்னு கேளுங்க, சிறு குறு விவசாயிக்கு முழு மானியம் உண்டு, வேளாண் ஆபீஸ்ல சிட்டா அடங்கலோட போய் எழுதி குடுக்கணும். வாய்க்கால்ல விட்டு பாய்ச்சுற தண்ணியில பாதிக்கு கொஞ்சம் கூட இருந்தாலே சொட்டுநீர்ல அதே வாழை நிக்கும். ரெண்டாவது, வத்துன போர்ல ஒன்ன மழைத்தண்ணி இறக்குறதுக்கு மாத்தலாம், மேல ஒரு குழி வெட்டி, ஜல்லியும் மணலும் போட்டு வடிகட்டி, வீட்டு மாடித் தண்ணிய விடுங்க, உரம் போட்ட வயல் தண்ணியையும் சாக்கடையையும் மட்டும் எக்காரணம் கொண்டும் விட்றாதீங்க, அது நேரா குடிக்கிற தண்ணியில போய் சேரும். மூணாவது, உங்க ஊர் குளத்துக்கு வர்ற வரத்துக்கால் திறந்து இருக்கா, சீமைக்கருவேலம் அடைச்சு கெடக்கான்னு அப்பாவ ஒரு நடை நடந்து பாத்துட்டு வர சொல்லுங்க, குளத்துல ஒரு மாசம் தண்ணி நின்னா சுத்தி உள்ள கிணறு தானா ஏறும்.

அப்புறம் உங்க தோட்டத்துல பழைய திறந்த கிணறு இருந்தா, ஒரு கயித்துல கல்ல கட்டி விட்டு, தண்ணி எத்தன அடியில இருக்குன்னு தை, சித்திரை, ஆடி, ஐப்பசின்னு நாலு தடவ அளந்து நோட்டுல எழுத சொல்லுங்க. பக்கத்து தோட்டக்காரரையும் எழுத சொல்லுங்க. எத்தன வாழை நிக்குது, மோட்டார் எத்தன மணி நேரம் ஓடுதுங்கறதையும் சேத்து இங்கயே போடுங்க, அந்த தண்ணி எத்தன வாழைய தாங்கும்னு நான் உக்காந்து கணக்கு போட்டு சொல்லுதேன்.